கதவைச் சாத்திய தேவாலயம்

கேள்வி: இங்கிலாந்தில் ஒரே ஒரு கிராமத்துத் தேவாலயத்தைத்தான் பார்க்கலாம் என்றால், எதைச் சொல்வீர்கள்?

பதில்: டெர்பிஷயரில் ஈம் கிராமத்துப் புனித லாரன்ஸ் ஆங்கிலிக்கன் தேவாலயம். 1665-இல் லண்டனிலிருந்து வந்த துணிமூட்டையோடு பிளேக்கும் வந்திறங்கியது என்பார்கள். பாதிரியார் வில்லியம் மாம்பசன் தேவாலயத்தைச் சாத்திவிட்டு, ஆராதனையை வெட்டவெளியில் நடத்தினார். அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நோய் பரவக் கூடாதென்று ஊரே எல்லை தாண்டாமல் இருந்தது. எல்லைக்கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசைப் போடுவார்கள். வெளியூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். இறந்தவர்கள் சுமார் 260 பேர். பாதிரியாரின் மனைவி கேத்தரினும் அதில் அடக்கம். அவர் கல்லறை தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. திறந்த கதவால் புண்ணியம் தேடும் கோயில்கள் உண்டு. சாத்திய கதவால் தேடிக்கொண்டது இது. போனால், அந்தக் கல்லறை முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.