ஆறு நாள் லீவு

கேள்வி: ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறேன். மற்ற ஆறு நாளும் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றுவது?
– ஒரு வாசகர், திருத்தணி

பதில்: உங்கள் ஊர் மலைக்கு 365 படி. நாளுக்கொன்று என்பார்கள். ஞாயிறு மட்டும் ஏறினால் வருடத்துக்கு 52 படிதான் ஐயா. பாதி மலைகூடத் தேறாது! டிசம்பர் 31 இரவு முருக பக்தர்கள் படிக்குப் படி கற்பூரம் ஏற்றிப் பாடுகிறார்கள். அதே இரவில் நீங்களும் வருஷப் பிறப்பு ஆராதனையில் முழங்காலில் நிற்கிறீர்கள். மைக்செட்காரர் பாடுதான் திண்டாட்டம்.

விசுவாசம் வார நாளில் என்ன செய்யும் என்று தெரிய, அரக்கோணம், காட்பாடி வழியாக ஒருநாள் வேலூர் போய்ப் பாருங்கள். மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த பெண் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்துக்குப் பெண் துணை கேட்டார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் தொடக்கூடாதாம். விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். அந்த இரவு ஐடா ஜெபித்தார். பிறகு பெட்டி கட்டிக்கொண்டு டாக்டருக்குப் படிக்கப் போனார். 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம், 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி. அதுதான்.

உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். காலையில் பத்து நிமிடம் வேதம், ஜெபம். அப்புறம் ஆஸ்பத்திரி வாசலில் தெலுங்கு மட்டுமே தெரிந்து விழிக்கும் பாட்டிக்குச் சீட்டு வாங்கிக் கொடுங்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருகிறவருக்கு ஒரு சொம்பு தண்ணீர். கூடவே துண்டுப்பிரதியை நீட்டாதீர்கள், புரையேறும்.