ஏஐ-யிடம் ஜெர்மன் பேசலாமா?

கேள்வி: ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கும் என் மகள் செல்போனில் ஏஐ-யோடு மணிக்கணக்கில் பேசிப் பழகுகிறாள். நிஜமாகவே பேச்சு வருமா?
– வாசகர், திருவையாறு

பதில்: கூச்சம் போகும். பத்தாவது தடவை தப்பாகச் சொன்னாலும் அது சிரிக்காது, அலுத்துக்கொள்ளாது. ஆனால் ரொம்ப நல்ல பிள்ளை! குறுக்கே பேசாது, தஞ்சாவூர் டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி ஊர்ப்பெயரில் பாதியை விழுங்காது. மனிதர்கள் அப்படியா? ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ், ஹாலே நகரிலேயே தமிழ் படித்துவிட்டுத்தான் 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். நாக்கு திருந்தியதென்னவோ நம் ஊர்க்காரர்களிடம் மாட்டிக்கொண்ட பிறகுதான். (பின்னாளில் தஞ்சை மன்னர் சரபோஜிக்கே குருவானார்.) உங்கள் மகளையும் லீவு நாளில் பெரிய கோயில் பக்கம் அழைத்துப் போங்கள். ஜெர்மன் பயணி யாராவது கிடைப்பார். நீங்கள் மட்டும் நடுவில் பேசாதீர்கள்.