அப்பாயியின் மதுவிலக்கு

1974-இல் தமிழ்நாட்டுக்கு மதுவிலக்கு திரும்பி வந்தபோது, திண்டுக்கல்லில் அதை மனதார வரவேற்றவர்களில் எங்கள் அப்பாயியும் ஒருத்தி. குடிகாரர்கள் திருந்த வேண்டி வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் ஜெபமாலை நடக்கும். நவம்பர் பிறந்துவிட்டால், பக்கத்து அறையில் கட்டிலுக்கடியில் இருக்கும் பீங்கான் ஜாடியில் கிறிஸ்துமஸ் ஒயினும் பொங்கிக்கொண்டிருக்கும்.

பழம் கொல்லைப் பந்தலில் காய்த்த பன்னீர் திராட்சை. அதை அழுத்திக் கழுவ விடமாட்டாள். தோலில் படிந்த வெள்ளைப் பூச்சு போய்விடக் கூடாதாம். நசுக்கிய பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர், கைப்பிடி கோதுமை, கொஞ்சம் பட்டை, கிராம்பு. ஜாடி வாயில் வேட்டித் துணி. தினமும் காலையில் மர அகப்பையால் ஒரு கிண்டு. காதை வைத்தால் உள்ளே 'உஸ்' என்று கேட்கும். சர்க்கரை ரேஷனில் வாங்கியது. அதை மிச்சம் பிடிக்க மாதக்கணக்கில் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பிதான். ஆக, எங்கள் ஒயினுக்குச் சர்க்கரை அளந்தது மதுவிலக்கு அரசாங்கமே.

இருபத்தோராம் நாள் வடிகட்டுவாள். பதம் பார்க்கும் கருவி தாத்தா. ஒரு டம்ளர் குடித்துவிட்டு அவர் யாரும் கேட்காமலே பாட ஆரம்பித்தால் பதம் சரி. தெருக்கோடிப் போலீஸ்கார மாமா வீட்டுக்கும் ஒரு பாட்டில் போகும். கேக்கோடு சேர்த்து, பட்டப்பகலில்.

இப்போது அண்ணன் மகன் சென்னையில் ஒயின் போடுகிறான். பழம் கம்பத்திலிருந்து வருகிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகு பன்னீர் திராட்சைக்குத் தனி மவுசு. கண்ணாடிக் குடுவை, காற்று புகாத அடைப்பான், இனிப்பை அளக்கும் மிதவைமானி எல்லாம் உண்டு.

"அப்பாயி என்ன ஈஸ்ட் போட்டாங்க, சித்தப்பா?"

"எதுவும் போடல. பழத்தோட வந்ததுதான்."

"வைல்டு ஃபெர்மென்டேஷன்!" என்றான், கோயிலில் பேசுகிற குரலில்.

தெருமுனையில், 2003 முதல் அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. இவனோ ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் குடுவையைத் தொடுகிறான். உரிமமில்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாம். அப்பாயிக்கு அந்தச் சட்டம் தெரியும். அது குடிகாரர்களுக்கானது என்பது அவள் தீர்ப்பு.

போன வாரம் அவளுடைய அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டான். "சர்க்கரை எக்கச்சக்கம், சித்தப்பா. பன்னிரண்டு சதவீதமாவது ஏறியிருக்கும். சாதாரண பீரே அஞ்சுதான்!"

கிறிஸ்துமஸ் மத்தியானம் ஜெபமாலைக் கூட்டத்து அத்தைமார் வரிசையாக உட்கார்ந்து, "ரத்தம் ஊறும்" என்று ஆளுக்கு இரண்டு டம்ளர் குடிப்பார்கள். பிறகு திண்ணைக்கு வந்து, தெருவில் தள்ளாடிப் போகிறவனைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அவனுக்காக ஜெபிக்கும்போது மட்டும் அவர்கள் குரல் ஏன் அப்படித் தழுதழுத்தது என்பதற்கு இப்போது விஞ்ஞான விளக்கம் கிடைத்துவிட்டது.