மருமக்கள்வழி மடிக்கணினி: நாஞ்சில் நாட்டில் மந்தப்பட்ட கருவிகளின் உடைமை மாற்றம் குறித்த ஓர் ஆய்வு

மந்தமாகிப்போன மடிக்கணினியை ஒரு குடும்பம் எந்த நாளில் மாற்றுகிறது, ஏன் அந்த நாளில் மாற்றுகிறது என்பது பற்றி இதுவரை கருத்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் அதை விற்பவர்கள். நாலைந்து வருசம் ஓடினால் போதும், மாற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிபு. ஆதாயம் உள்ளவர் சொல்லும் சாட்சியை முன்சீப் கோர்ட்டே தயங்கித்தான் எடுத்துக்கொள்ளும். எனவே இத்துறையை அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஆய்வுக் களம் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள், அதாவது பழைய நாஞ்சில் நாடு. கல்குளமும் விளவங்கோடும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டன. அவ்வூர்க்காரர்கள் இதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பலகாரம் அங்கேதான் நன்றாகக் கிடைத்தது. தகவலாளர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. அவர்கள் கேட்டுக்கொண்டதால் அல்ல, அவர்களுடைய அக்கா தங்கைமார் இதைப் படிக்கக்கூடும் என்பதால்.

ஆய்வின் கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடலாம். நாஞ்சில் நாட்டில் மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்பதற்காக எவரும் புதியது வாங்குவதில்லை. பழையதை ஏற்றுக்கொள்ள ஒரு மருமகன், அதாவது சகோதரி மகன், தோன்றும் நாளில்தான் புதியது வாங்கப்படுகிறது. மந்தம் என்பது சாக்கு, மருமகனே காரணம்.

முதலில் மந்தத்தின் இயல்பைப் பார்ப்போம். ஒரு சில்லில் பதிக்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று கார்டன் மூர் 1965இல் சொன்னார். 1975இல் அதை இரண்டாண்டுக்கு ஒருமுறை எனத் திருத்திக்கொண்டார். இந்தக் கணக்குப்படி நம் வீட்டுக் கணினிகள் இன்று பறக்க வேண்டும். ஏன் பறக்கவில்லை என்பதற்கு 1995இல் சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் நிக்லாஸ் வீர்த் விடை எழுதினார்: கருவி வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது. பாஸ்கல் மொழியை உருவாக்கிய மனிதர் சொன்னதால் உலகம் அதை விதி என்று ஏற்றுக்கொண்டது. வடசேரியில் தகவலாளர் ஒருவரின் தாயார் இதையே, "புதுசு புதுசா ஏத்துனா சவம் எப்படி மக்களே ஓடும்?" என்று கேட்டார். அவரை எந்த ஆய்வேடும் மேற்கோள் காட்டவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

வீர்த்தின் விதி உலகப் பொது. அதன்மேல் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய வட்டாரக் காரணிகள் சில உண்டு. தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழையையும் வாங்குகிற மாவட்டம் இது. கருவியைத் திறந்து வைத்தாலும் ஈரம், மூடி வைத்தாலும் ஈரம். முட்டம், குளச்சல் கரையில் உப்புக்காற்று பட்டு யூஎஸ்பி துளையின் உள்ளே பச்சைக் களிம்பு பிடிக்கிறது; பென் டிரைவைச் செருகினால் ஒருமுறை தெரியும், ஒருமுறை தெரியாது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் திரைக்குள் பூசணம் வட்டவட்டமாகப் படர்கிறது. ஆரல்வாய்மொழியில் காற்றாலையைச் சுழற்றுகிற அதே கணவாய்க் காற்று, போகிற போக்கில் மடிக்கணினியின் விசிறிக்குள்ளும் ஒரு பிடி புழுதியை வைத்துவிட்டுப் போகிறது. முப்பந்தலில் ஒரு விசிறியை ஓட வைக்கும் காற்றே வீட்டுக்குள் இன்னொரு விசிறியை நிறுத்துகிறது என்பது இயற்பியலார் கவனிக்க வேண்டிய முரண்.

நாகர்கோவிலில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் இந்தப் புழுதியை நேரில் பார்க்க வாய்த்தது. கடைக்காரத் தம்பி கருவியைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றிக் காந்தத் தட்டில் ஒழுங்காக வரிசை வைத்து, பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை விளிம்பில் நுழைத்து மூடியை நெம்பினார். விசிறிக்கும் செம்புக் குழாயின் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம், கம்பளித் துண்டுபோலச் சுருளாமல் அப்படியே உரிந்து வந்தது. விசைப்பலகையின் அடியில் எறும்பு முட்டை வைத்திருந்தது. பக்கத்தில் முறுக்குத் துகள். செயலியின் மேல் தடவியிருந்த வெப்பப் பசை காய்ந்து பொருக்காகி இருந்தது. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் செயலி கருகிவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "அண்ணாச்சி, இது ஸ்லோ இல்ல, மூச்சு முட்டுது கேட்டியளா," என்றார் தம்பி. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ரேமையும் ஏற்றினால் இன்னும் நாலு ஓணம் காணும் என்பது அவர் தீர்ப்பு. சுழலும் தட்டும், அதன்மேல் அலையும் முள்ளும் இல்லாததால் எஸ்எஸ்டி தேடும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. பழைய கருவிகளின் மந்தத்தில் பெரும்பங்கு அந்தத் தேடலில்தான் இருக்கிறது. அதாவது, குறைந்த செலவில் மந்தத்தைத் தீர்க்க வழி உண்டு, அது எல்லாருக்கும் தெரியும். பிறகும் ஏன் புதியது வாங்குகிறார்கள்? கருதுகோள் இங்கேதான் வலுப்பெறுகிறது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? பெங்களூரில் வேலை பார்க்கும் மகன்மார் ஒரு தனிப்பள்ளி. விடுமுறைக்கு வந்ததும் அப்பாவின் கருவியைத் திறந்து, அது விழித்தெழுவதற்குள் புட்டும் பயறும் தின்று முடித்து, "இத தூரப் போடுங்கப்பா" என்பது அவர்களுடைய சூத்திரம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதும், விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், அது பழைய கருவியில் இல்லை என்பதும் அவர்கள் காட்டும் பிரமாணங்கள். இரண்டும் உண்மை. ஆனால் அக்டோபர் 15 காலையில் எந்தக் கருவியும் நின்றுவிடவில்லை. வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன, அவ்வளவுதான். "படம் வருதுல்லா? பேத்திகிட்டப் பேச முடியுதுல்லா? பொறவு என்ன?" என்ற தாய்மார் வாதத்துக்குப் பெங்களூர்ப் பள்ளியால் இன்றுவரை மறுப்பு எழுத முடியவில்லை.

பேட்டரி விஷயத்தில் மட்டும் மகன்மார் பக்கமே நியாயம். லித்தியம் பேட்டரி முந்நூறு ஐந்நூறு முறை முழுதாக ஏறி இறங்கியதும் கொள்ளளவில் ஒரு பங்கை இழந்துவிடும். அதோடு நின்றால் பரவாயில்லை, சில வேளை உப்பும். டச்பேட் மேலே எழும்பி, மூடி மூடாமல் நின்றால் அது வாரிசுச் சொத்து அல்ல, தீ விபத்து. அப்படிப்பட்டதை எந்த மருமகனுக்கும் கொடுக்கக் கூடாது, அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும்.

ஒரு கருவி எவரிடம் இருந்தது என்பதைக் கல்வெட்டாய்வு முறையிலேயே கண்டறியலாம். மேல்மூடியில் பிள்ளைகள் ஒட்டிய ஒட்டிகளைப் படலம் படலமாக உரித்தால் கால வரிசை கிடைக்கும். விசைப்பலகை இன்னும் நம்பகமான சாசனம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கருவியில் கண்ட்ரோல், சி, வி ஆகிய மூன்று விசைகளில் மட்டும் எழுத்து அழிந்திருந்தது. அவர் எழுதிவரும் ஊர் வரலாறு பற்றி இதற்குமேல் சொல்வது முறையல்ல. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு இரவு பகலாகப் படித்ததாகச் சொன்ன இளைஞர் ஒருவரின் கருவியில் அழிந்திருந்தவை டபிள்யூ, ஏ, எஸ், டி. துப்பாக்கி விளையாட்டில் முன்னும் பின்னும் இடமும் வலமும் ஓட உதவும் விசைகள் அவை. வாய்மொழிச் சான்றும் சாசனச் சான்றும் முரண்படும்போது சாசனத்தையே கொள்ள வேண்டும் என்பது வரலாற்றாய்வின் பாலபாடம்.

இனி மையப் பொருள். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒருகாலத்தில் சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாது. மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போகும். குடும்பத்தை ஆள்பவர் காரணவர், அவருக்கு அடுத்து உரியவன் அனந்தரவன். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு. இந்த முறை வீடுகளில் என்ன பாடு படுத்தியது என்பதை ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி வாயிலாகவே பேசவைத்து, தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ பாடினார். திருவிதாங்கூர் அரசு 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்து, மக்கள்வழிக்குக் கதவு திறந்தது. அத்தோடு மருமக்கள்வழி மறைந்தது என்றே வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. நிலம், வீடு, தோப்பு வரையில் அது சரி. மடிக்கணினியை அவர்கள் கவனிக்கவில்லை.

களத்தில் கண்டது இதுதான். மாமாவின் மடிக்கணினி மந்தமாகிறது. வருசக்கணக்கில் அவர் அதனோடு மல்லுக்கட்டுகிறார். பின் ஒரு சித்திரை விடுமுறையில் தங்கச்சி மகன் வருகிறான். மேசைமேல் இருப்பதைப் பார்த்து, "மாமா, இது ஓடுமா?" என்கிறான். அந்த ஒரு வினாவில் உரிமை நிலைநாட்டப்படுகிறது. தங்கச்சி அடுக்களையிலிருந்து, "அவன் பிளஸ் டூ வந்தாச்சு, ஒண்ணு வாங்கிக் குடுக்கணும்னு நானும் நெனச்சேன், எங்க முடியுது" என்று யாரையும் பார்க்காமல் சொல்கிறாள். அந்த வாரமே மாமா கடைக்குப் போகிறார்.

தன் மகன் வீட்டிலேயே இருக்க, சொத்து ஏன் மருமகனுக்குப் போகிறது? மகனுக்கு அந்தக் கருவியின் குற்றங்கள் அத்தனையும் தெரியும். சார்ஜர் முனையை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தால் ஏறும் என்பது வரை தெரியும். சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பான். மருமகனுக்குத் தெரியாது. வாரிசுரிமைக்கு அறியாமையே முதல் தகுதி என்பதைப் பழைய காரணவர்களும் அறிந்திருந்தனர் போலும். மகனுக்கு உகந்துடைமையாக மௌஸும், எட்டு ஜிபி பென் டிரைவும் வழங்கப்படுகின்றன. மௌஸ் பெரும்பாலும் வேலை செய்வதில்லை.

கொடுத்த பின்னும் காரணவர் அதிகாரம் ஓய்வதில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கல்யாணப் புகைப்படங்கள், எல்ஐசி ரசீது, யாருக்கோ எழுதி அனுப்பாமல் விட்ட மனு எல்லாம் டி டிரைவில் அப்படியே கிடக்கும். "மக்கா, ‘நியூ ஃபோல்டர் 3’ன்னு ஒண்ணு இருக்கும், அத மட்டும் தொட்டுராதே" என்று மாமா நள்ளிரவிலும் போன் செய்வார். அனந்தரவன் அதைத்தான் முதலில் திறந்து பார்த்திருப்பான்.

அரசு கொடுத்த கருவிகளுக்கு இந்த விதி சற்று வளைகிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திருவள்ளூரில் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல வீடுகளுக்குள் முதல் கணினியைக் கொண்டுவந்தது; பெரும்பாலும் பிளஸ் டூ படிக்கும் பெண்பிள்ளையின் கையில். 14 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். மாமனிடமிருந்து வராமல் அரசிடமிருந்து நேரே வந்ததால் அதற்குக் காரணவர் கிடையாது. அக்காவிடமிருந்து தங்கைக்கும், தங்கையிடமிருந்து சித்தி மகளுக்கும் போன அவ்வகைக் கருவிகளே தூய தாய்வழிச் சொத்துக்குச் சான்று. ஒன்று இன்னும் உயிரோடு இருப்பதைத் தோவாளைப் பக்கம் ஒரு வீட்டில் கண்டோம். திரையின் கீல் முறிந்ததால் பின்னால் ஒரு தேங்காயை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள்.

மருமக்கள்வழிக்கு இப்போது சோதனை வந்திருக்கிறது. இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2026 ஜனவரியில் மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. வேளாளர் சட்டம் வந்து சரியாக நூறாவது ஆண்டு. அன்று சட்டம் காரணவரிடமிருந்து சொத்தைப் பிரித்தது. இன்று அரசு அனந்தரவனையே பிரித்துக்கொண்டது. கல்லூரியில் புதுசு கிடைத்த மருமகன் மாமா வீட்டு மேசைப் பக்கமே திரும்புவதில்லை. வாரிசு இல்லாமல் புதுசு வாங்க மாமாவுக்கு மனம் வரவில்லை. மந்தக் கருவி மேசையிலேயே இருக்கிறது. ஆக்கர் கடைக்குப் போடலாமே என்றால், எடைக்கு எடை வாங்குகிற இடத்தில் டி டிரைவை எப்படிக் கொடுப்பது என்கிறார். நெல் வரத்து நின்று காலியான பத்தாயங்களில் பழைய கருவிகளும் ஒயர்களும் சேர்ந்துவருவதை இரண்டு ஊர்களில் பார்த்தோம். எலி மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை.

சார்ஜரின் உடைமை பற்றித் தனியே ஆராய வேண்டியிருக்கிறது. கருவி மருமகனுக்குப் போனாலும் சார்ஜர் மாமா வீட்டிலேயே தங்கிவிடும் வழக்கு பல இடங்களில் பதிவாகியுள்ளது. புதியதற்கும் பொருந்தும், ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்பது மாமா தரப்பு. பொருந்துவதில்லை, முனை வேறு. ஆனாலும் கொடுப்பதில்லை. சுசீந்திரத்தில் நடந்த ஒரு வழக்கில் தங்கச்சி பேருந்து ஏறப்போகும் வேளையில் படியில் ஒரு காலை வைத்தபடி கேட்டாள்: "அண்ணே, பசுவத் தந்துட்டு கயித்த வச்சுக்கிட்டா நான் இத எப்படிப் பத்திக்கிட்டுப் போறது?" மாமா சட்டைப்பையைத் தடவி இருபது ரூபாய் எடுத்து மருமகன் கையில் வைத்து, "பஸ்ஸு வந்தாச்சு, ஏறுங்க" என்றார்.