பொட்டலம் அண்ணாச்சி

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், அந்த வாரமே சாயர்புரத்திலிருந்து வேன் கிளம்பிவிடும். வேனில் டிரைவருக்குப் பின் சீட்டில், ஜன்னலோரமாக, மடியில் ஒரு மஞ்சள் பையைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் பொட்டலம் அண்ணாச்சி. இது ஓர் ஆளின் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். வேனுக்கு ஒருவர் வீதம் உண்டு. செபத்தையாபுரம் வேனில் ஒருவர், ஏரல் வேனில் ஒருவர், நாசரேத் வேனில் அண்ணன் தம்பியாக இரண்டு பேர்.

அந்த மஞ்சள் பைக்கு வீட்டில் 'குரங்குப் பை' என்று பெயர். தூத்துக்குடி மக்ரூன் கால் கிலோ, காராச்சேவு அரைக் கிலோ, மசாலாக் கடலை, பிஸ்கட் பாக்கெட் ஒரு டஜன், ஒரு சீப்பு பழம். பிள்ளைகளுக்கான தின்பண்டம் தனி. அது மதினி பொறுப்பு, எண்ணித்தான் கைக்கு வரும். வல்லநாடு தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு பொடியன் பசி பொறுக்காமல் குரங்குப் பைக்குள் கையை விடுவான். அண்ணாச்சி முகம் மாறிவிடும். "ஏல, அது குரங்குக்கு வச்சது. எடுக்காத."

முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் அடித்துச் செய்த மக்ரூனைக் கேட்டு எந்தக் குரங்கும் மனுப் போட்டதில்லை. ஆனால் அதைச் சொன்னால் அண்ணாச்சியிடம் பதில் தயாராக இருக்கும். ஜி.யு. போப்பையர் பள்ளிக்கூடம் வைத்து நடத்திய ஊர்க்காரர் அல்லவா? வலது பக்கம் கேட்டால் திருக்குறள், இடது பக்கம் கேட்டால் வேதாகமம். இருப்பதைப் பங்கு வைத்துப் பல உயிரையும் காப்பாற்றச் சொன்னார் வள்ளுவர் என்பார். காக்கைக் குஞ்சுக்கும் கர்த்தர் இரை கொடுப்பதாகச் சங்கீதத்தில் வருகிறதே என்பார். "கர்த்தர்தான் குடுக்காருல்லா அண்ணாச்சி, இடையில நீங்க எதுக்கு?" என்று சபைப் பையன் ஒருவன் கேட்டபோது மட்டும், ஜன்னல் வழியாக வயக்காட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வனத்துறையோடு அவருக்குப் பகை ஏதும் கிடையாது. 'விலங்குகளுக்கு உணவு அளிக்காதீர்' என்ற பலகையைக் கண்டால் வேனை அங்கேயே நிறுத்தச் சொல்வார். "போர்டு வச்சிருக்கான்லா? அப்ப இங்கதான் குரங்கு வரும்." பலகைக்கு நேர் கீழே நின்றுதான் பொட்டலத்தைப் பிரிப்பார்.

அருவிக் கரையில் அவர் பொட்டலம் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் வருவது ஒரு கடுவன். நம் ஊர் நாட்டுக் குரங்குதான்; உச்சி மயிரை வகிடெடுத்துச் சீவிவிட்ட தோற்றம். அண்ணாச்சி நீட்டும் கடலையை அது கண்டுகொள்ளாது. மடியிலிருக்கும் பையைத்தான் பார்க்கும். அடுத்த நொடி பிஸ்கட் பாக்கெட் அதன் கையில் இருக்கும். ஓரத்தைப் பல்லில் கடித்துத் தலையை ஒரு வெட்டு வெட்டும். நாம் கத்தரிக்கோல் தேடும் அதே இடம்தான். நாலைந்து பிஸ்கட் ஒரே மூச்சில் உள்ளே போகும். விழுங்காது. கன்னத்துக்குள் இருக்கும் பையில் அடைத்துக்கொண்டு அடுத்த பாக்கெட்டுக்கு வரும். காட்டில் ஆலும் அத்தியும் பழுத்த மரத்தில், மற்ற குரங்கு வருவதற்குள் அள்ளிக்கொண்டு நகர்வதற்காக அமைந்த பை அது. தின்ற பழத்தின் கொட்டையைத் தூரத்தில் துப்பி இன்னொரு மரத்துக்கும் வழி செய்யும். பிஸ்கட்டுக்குக் கொட்டை கிடையாது. குட்டியை வயிற்றோடு கட்டிக்கொண்டு கடைசியில் வரும் தாய்க்குக் கிடைப்பது வெறும் பிளாஸ்டிக் உறை. அதை விரித்து உப்பை நக்கிக்கொண்டு நடுரோட்டில் உட்காரும். பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடிக்கும்.

பை காலியானதும் அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். "தீந்துட்டுப்பா." சொல்லிவிட்டு, கடுவனைக் கண்ணோடு கண் பார்த்துச் சிரிப்பார். குரங்கு வழக்கத்தில் கண்ணோடு கண் பார்ப்பது சண்டைக்குக் கூப்பிடுவது. கொடுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்திவிட்டு முறைக்கவும் செய்தால், எந்தக் கடுவன்தான் பொறுக்கும்? ஆள்காட்டி விரல் போச்சு.

அதற்கப்புறம் நடப்பது எல்லா வேனுக்கும் பொது. ஒருத்தர் மஞ்சள்தூள் கேட்பார், ஒருத்தர் சுண்ணாம்பு தேடுவார். உண்மையில் வேண்டியது சோப்பும் தண்ணீரும். கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். நாய்க்கு வரும் அந்த நோய் குரங்குக்கும் வரும். தொப்புளைச் சுற்றிப் போட்ட காலம் மலையேறி, இப்போது கையில்தான் போடுகிறார்கள் என்றாலும், ஒரே ஊசியோடு முடியாது. நாள் குறித்துத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அருவியில் குளிக்க வந்த வேன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதும் அண்ணாச்சி பெருந்தன்மை குறையாது. "பாவம், வாயில்லா ஜீவன். அதுக்கு என்ன தெரியும்?"

"வாயில்லாமலா அண்ணாச்சி விரலைக் கடிச்சிது?" என்றார் டிரைவர்.

இவ்வளவுக்கும் தீனி விஷயத்தில் அண்ணாச்சி விவரம் தெரியாதவர் இல்லை. வீட்டில் நாலு கொடி ஆடு நிற்கிறது. பக்கத்துத் தெருவில் கல்யாணம் என்றால் அன்றைக்கு ஆட்டை அவிழ்க்கவே மாட்டார். மிஞ்சிய சோற்றுப் பக்கம் ஆடு வாயை வைத்துவிடும் என்ற பயம். யாராவது பிரியப்பட்டு ஒரு கை பிரியாணி போட வந்தால் பாய்ந்து தடுப்பார். "சோறு தின்னா ஆடு உப்பிப் போயி செத்துரும். ஒனக்கு என்ன தெரியும்?" சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அசைபோடும் பிராணியின் பெருவயிற்றில் தழையையும் புல்லையும் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அரிசியும் மாவும் மொத்தமாக உள்ளே போனால் அமிலம் பொங்கும், அந்த நுண்ணுயிர்களே மடியும், ஆடு படுத்துவிடும். கால்நடை டாக்டர் சொல்லவேண்டிய பாடத்தை அண்ணாச்சி தெருவுக்கே நடத்துவார்.

அதே அண்ணாச்சி முதுமலை ரோட்டில் புள்ளிமானைக் கண்டால் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பார். மானும் அசைபோடுகிற பிராணிதானே என்றால், "அது காட்டு மான்லா? தாங்கும்" என்பார். காசு கொடுத்து வாங்கிய ஆட்டுக்கு ஒரு வயிறு, காசு கொடுக்காத மானுக்கு வேறு வயிறு!

எங்கள் பக்கத்து வல்லநாட்டு வெளிமான்களிடம் மட்டும் அவர் பாச்சா பலிப்பதில்லை. இந்தியாவில் வெளிமான் வாழும் தெற்குக் கோடி அந்தக் குன்று. 1987 முதல் சரணாலயம். ஒரு நாள் பிஸ்கட்டோடு போனார். அரைப் பர்லாங் தூரத்தில் இவர் தலையைக் கண்டதும் மான்கள் துள்ளிக் குதித்து ஓடிவிட்டன. "நன்றி கெட்ட மான்" என்று திரும்பி வந்தார். நன்றி சொல்ல இன்னும் எதையும் வாங்கவில்லை என்பதும், மனிதனைக் கண்டு ஓடுகிறவரைதான் மானுக்கு ஆயுசு கெட்டி என்பதும் அவருக்குத் தோன்றவில்லை.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனால் அங்கே இன்னொரு சங்கடம். கூண்டில் இருப்பதற்கு இன்ன நேரத்தில் இன்ன தீனி, இத்தனை கிலோ என்று கணக்கு வைத்துத்தான் போடுகிறார்கள். அண்ணாச்சி கணக்கு வேறு: "ஒண்ணே ஒண்ணுதான போடுதேன்." ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆயிரக்கணக்கான பேரும் ஒண்ணே ஒண்ணு போட்டால் என்ன ஆகும்? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு, உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவது, காயப்படுத்துவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திக் குற்றம் என்கிறது. அண்ணாச்சிக்கு அதில்தான் மனத்தாங்கல். கல்லெறிகிற பயலையும் கடலை எறிகிற தன்னையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களாம்.

மயில் கதை இதைவிட வேடிக்கை. வீட்டு மாடியில் காலையில் அரிசி போட்டு வளர்த்துவிட்டவர் அவர். முதலில் ஒன்று வந்தது, பிறகு குடும்பத்தோடு வந்தது. குளிரில் நடுங்கிய மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் வரிசையில் தன்னை வைத்துப் பேசுவார். பேகன் போர்வையோடு நிறுத்திக்கொண்டான். ரேஷன் அரிசி போடவில்லை. மாடியில் பழகிய மயில் ஆளைக் கண்டு அஞ்சாமல் மானாவாரிக் காட்டுக்குள் இறங்கி, முளைத்து வந்த உளுந்தைக் கொத்தியபோது, விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் முதல் ஆளாக மனுக் கொடுத்தவரும் அண்ணாச்சிதான். காடு அவருடையது.

கோயில் யானை என்றால் அவர் கை இன்னும் தாராளமாகும். யானையென்பது நாளெல்லாம் நடந்து, புல்லும் தழையும் பட்டையுமாக நூறு கிலோவுக்கு மேல் தின்று செரிக்கிற உடம்பு. அதைக் கல் தரையில் நிறுத்தி, போவோர் வருவோர் எல்லாம் பழமும் வெல்லமும் கொடுத்தால் உடம்பு எடுக்காமல் என்ன செய்யும்? நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்கு எடை கூடிவிட்டது என்று மருத்துவர்கள் சொல்லி, தினமும் நடக்கவிட்டார்கள். வயதும் ஆகிவிட்டது, காலும் நோகிறதென்று 2022இல் பக்தர்கள் 12,000 ரூபாய்க்குத் தோல் செருப்பு தைத்துக் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் காந்திமதி இறந்துபோனது. செருப்பு கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் யானையை ஆசீர்வாத யந்திரமாக்கி, காசையும் பழத்தையும் நீட்டி, தும்பிக்கையைத் தலையில் வாங்கிக்கொள்ள வரிசையில் நின்ற எல்லாருக்கும் அந்தக் கால் வலியில் கொஞ்சம் பங்கு உண்டு. திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை 2024 நவம்பரில் தன் பாகனையும் அவருடைய உறவினரையும் தாக்கியதில் இருவரும் இறந்தார்கள். அது தீனியால் வந்த வினை என்று சொல்ல முடியாது. ஆனாலும் தினமும் உடனிருந்த பாகனுக்கே அந்தக் கதி என்றால், ஒரு பழத்தை நீட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்கும் நமக்கு என்ன உத்தரவாதம்?

பொட்டலம் அண்ணாச்சியின் வேன் சாயங்காலம் ஊர் திரும்பிவிடும். கொடுத்துப் பழக்கிய வாய் அங்கேயே இருக்கும். மசினகுடிப் பக்கம் வாழைத்தோட்டம் என்ற ஊரில் ஒரு காட்டு யானை. தும்பிக்கை நுனி அறுந்துபோன அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் பழம் கொடுத்துப் பழக்கினார்கள். பிரேசில் கால்பந்து வீரரின் பெயரை வைத்து ரிவால்டோ என்றும் கூப்பிட்டார்கள். காடு மறந்து வீட்டு வாசலிலேயே சுற்றியதால், 2021 மே மாதம் வனத்துறை அதைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்தது. ஆகஸ்டில் முதுமலையின் உள்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட வேகத்தில் அது பழைய இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது. பழம் கொடுத்த சுற்றுலாக்காரர் யாரும் அப்போது அங்கே இல்லை. கழுத்தில் ரேடியோ காலரோடு யானையும், அதன் பின்னால் ராத்திரி பகலாக அலைந்த வனத்துறை ஊழியர்களும்தான் இருந்தார்கள். குற்றாலத்திலும் அதே கதைதான். அண்ணாச்சி பழக்கிவிட்ட கடுவன், மறுநாள் பொட்டலம் இல்லாமல் வரும் பள்ளிக்கூடப் பிள்ளையின் பையைப் பிடுங்கும்; பழக்கடை ஆச்சியின் தட்டைக் கவிழ்க்கும். கல்லடி வாங்குவது குரங்கு. புண்ணியம் அண்ணாச்சிக்கு.

ஆனாலும் அவர் கெட்ட மனிதர் இல்லை. கொடுக்கிற கை. அந்தக் கைக்கு ஒரு சின்ன ஆசை: வாங்குவது தன் கண் முன்னாலேயே தின்ன வேண்டும், முடிந்தால் தன்னைப் பார்த்துக்கொண்டே தின்ன வேண்டும், அதை யாராவது போட்டோ எடுக்க வேண்டும். இந்த ஆசையைத்தான் எந்தப் பலகையாலும் எந்தப் பிரிவாலும் தொட முடியவில்லை.

அதனால் கடைசியாக ஒரு யோசனை சொல்லிப் பார்த்தோம். குரங்குக்கும் பறவைக்கும் தின்னக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ரோட்டை விட்டுத் தள்ளி, ஊர்ப் புறம்போக்கில் ஓர் அத்தியோ ஆலோ நட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். நூறு வருஷம் தின்னும். பனங்கொட்டை போட்டு விட்டுப் பேரன் பதநீர் குடிப்பான் என்று காத்திருக்கிற ஊருக்கு இது புதுசா?

அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "அது காய்க்கும்போது நான் இருக்கணும்லா?"

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க இல்லாட்டாலும் அது திங்கும்."

முகம் தொங்கிவிட்டது. பிறகு மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசிவிட்டாராம். கன்றுக்குக்கூடச் சொல்லியாயிற்றாம். ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. மரம் பெரிதானதும் அடியில் 'உபயம்' என்று போட்டுப் பெயரெழுதிய பலகை வைக்கலாமா, அதைக் குரங்கு பிடுங்கிப் போடாமல் இருக்குமா என்று கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.