சர்வபள்ளி என்பது அப்பா பெயரா?

விண்ணப்பப் படிவங்களை வகுத்தருளும் பெருமதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

திருத்தணியிலிருந்து வணக்கம். தாங்கள் எந்தத் துறை என்று கேட்கவில்லை. எல்லாத் துறைப் படிவமும் ஒரே கை எழுதியது போலத்தான் இருக்கிறது.

2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. பதினைந்து வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். படிப்பு, எழுத்து, கணக்கு, தலா 50 என்று 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. பாட்டிமார் பாஸ் பண்ணிச் சான்றிதழும் வாங்குகிறார்கள். அதன் பிறகுதான் தங்கள் படிவம் வருகிறது.

கோவிந்தம்மாள் என்று ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். திருப்பதிக்குப் பக்கத்து ஊர் அல்லவா, தணிகாசலங்களுக்கு நடுவே கோவிந்தம்மாள்களும் இங்கே ஏராளம். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்கிறீர்கள். 'கோ'வுக்கு முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் கால். பாட்டி கற்றபடி ஒவ்வொன்றையும் அழகாக ஒரு கட்டத்தில் உட்கார வைத்தால் ஏழெழுத்துப் பெயர் பத்துக் கட்டம் பிடிக்கிறது. தகப்பனார் பெயருக்கு இடமில்லாமல் அவர் வெளியே நிற்கிறார். அடித்தல் திருத்தல் கூடாது என்று மேலே ஒரு வரி. தேவையற்றதை அடிக்கவும் என்று கீழே ஒரு வரி. பாட்டி முழுப் பக்கத்தையும் அடித்துக் கொடுத்தால் குற்றம் சொல்ல முடியுமா?

அடுத்தது, பிறந்த மாநிலம், மாவட்டம். 1955-இல் இங்கே பிறந்தவர் ஆந்திர மாநிலம், சித்தூர் மாவட்டம். அடுத்த வருஷம் அது ஆந்திரப் பிரதேசம். எல்லைப் போராட்டமெல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் முதல் தேதி (தேதியை நான் வைக்கவில்லை) சென்னை மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம். 1969-இல் தமிழ்நாடு. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம். பாட்டி மட்டும் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தாங்கள் விட்டிருக்கும் இடமோ அரை அங்குலம்.

இனிஷியல் தொல்லை இதைவிடப் பெரிது. தெலுங்கு வீடுகளில் முன்னால் நிற்பது குடும்பப் பெயர், தமிழ் வீடுகளில் தகப்பனார் பெயர். இந்த ஊரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் இன்று தங்கள் கவுண்டருக்கு வருகிறார் என்று நினைத்துப் பாருங்கள். இனிஷியல் எஸ்; அது சர்வபள்ளி என்ற குடும்பப் பெயர். தகப்பனார் வீராசாமி. "பொருந்தவில்லை, அஃபிடவிட் வாங்கிட்டு வாங்க பெரியவரே." அவர் பிறந்த நாளில் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம் என்பது விண்ணப்பத்தோடு இணைக்கத் தக்க ஆவணமல்ல.

தாலுகா ஆபீஸ் வாசலில் மடக்கு மேசை போட்டு மனு எழுதிப் பிழைப்பவர்களுக்குப் படியளப்பவர் தாங்கள்தான் என்பதையும் நான் மறக்கவில்லை. அவர்கள் சார்பில் நன்றி.

ஒரே ஒரு கோரிக்கை. செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள். அன்று திருத்தணியில் தங்களுக்கு ஒரு தேர்வு வைக்க அனுமதி வேண்டும். அதே 150 மதிப்பெண், பாட்டிமார் மேற்பார்வை. பேனா தாங்களே கொண்டுவர வேண்டும், கேட்டால் தர மாட்டார்கள். படிப்பு: தங்கள் படிவத்தின் விதிமுறைகளை ஒரு தரம் வாசித்துப் பாட்டிக்குப் புரியவைக்க வேண்டும். எழுத்து: கோவிந்தம்மாளைக் கட்டத்துக்குள் அடக்க வேண்டும். கணக்கில் ஒரே கேள்வி: ஆதார் எண்ணையும் வாங்கிக்கொண்டு அதற்குமேல் தாங்கள் கேட்கும் விவரங்களில், அரசிடம் ஏற்கெனவே இல்லாதவை எத்தனை?

விடை எழுத ஒரு கட்டம் தரப்படும்.

இப்படிக்கு,
திருத்தணிவாசி