ப்ரோ, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க

இரவு பதினொன்றே முக்காலுக்கு ‘ப்ரோ, ஃப்ரீயா?’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், கைமாற்று கேட்கப்போகிறார் என்று பயப்பட வேண்டாம். கைமாற்றாக இருந்தால் ‘இல்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். இவர் கேட்பது உங்கள் நாலு நிமிஷத்தையும், அதற்கப்புறம் ஒரு கருத்தையும்.

‘ஒரு பாட்டு பண்ணிருக்கேன். ரஃப் மிக்ஸ்தான். வோக்கல் இன்னும் ட்யூன் பண்ணல. மாஸ்டரிங் பண்ணல. போன் ஸ்பீக்கர்ல மட்டும் கேட்டுடாதீங்க. ஹெட்போன் போடுங்க, ப்ளூடூத் வேணாம், வயர் வச்சது. திட்டணும்னு தோணுச்சுன்னா தாராளமா திட்டுங்க.’ ஜாமீன் மனு மாதிரி இத்தனையும் வந்த பிறகு ஃபைல் வந்து இறங்கும். அதன் பெயர் ‘ஃபைனல் 9 புதுசு’.

சென்னையில் இவர் இல்லாத தெரு குறைவு. பகலில் ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனியில் டிக்கெட் மூடுகிறார். இரவில் இசையமைப்பாளர், பாடகர், ஒலிப்பதிவாளர், மிக்ஸிங் இன்ஜினியர். பத்துக்குப் பத்து அறையில் கட்டில், பீரோ, இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிமூட்டை, நடுவில் லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர், தவணையில் வாங்கிய மைக். சுவர் முழுக்க முட்டை அட்டை. தலைமுறை தலைமுறையாகச் சைவமாக இருந்த குடும்பம் அது. கடைக்காரரிடம் வெறும் அட்டை மட்டும் நாற்பது கேட்டு வாங்கி வந்ததை மாடி வீட்டு மாமி இன்றுவரை நம்பவில்லை. இத்தனைக்கும் அந்த அட்டை தெருச் சத்தத்தை நிறுத்தவே நிறுத்தாது. அறைக்குள் எதிரொலிக்கும் மேல்ஸ்தாயி ஓசையைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். அதனால்தான் இரண்டாவது சரணத்தில் ‘நிலவே’ என்று அவர் உருகும் இடத்தில் சமையலறைக் குக்கரும் சேர்ந்து ஒரு விசில் அடித்திருந்தது.

இவரிடம் இரண்டு வேதவாக்குகள் உண்டு. முதலாவது, ‘ரஹ்மான் சாரே வீட்டுப் பின்பக்கம்தானே ஸ்டூடியோ போட்டார்?’ உண்மைதான். கோடம்பாக்கத்தில் 1989இல் தொடங்கிய பஞ்சதன் ஸ்டூடியோவிலிருந்துதான் 1992இல் ‘ரோஜா’ வந்தது. ஆனால் அங்கே கன்சோலுக்குப் பின்னால் எச். ஸ்ரீதர் மாதிரி ஒரு ஒலிப்பொறியாளர் பல வருஷம் உட்கார்ந்திருந்தார் என்பதை இவர் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. இரண்டாவது வேதவாக்கு பில்லி ஐலிஷ். அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் உருவான அவரது 2019 ஆல்பம், அடுத்த வருஷம் கிராமி மேடையில் சிறந்த ஆல்பம், சிறந்த ஒலிப்பதிவு என்று அள்ளிக்கொண்டு போனது. ‘படுக்கையறை, ப்ரோ, படுக்கையறை!’ என்பார். மிக்ஸிங்கில் ராப் கினெல்ஸ்கி என்ற முழுநேரத் தொழில்காரரின் கை இருந்தது என்று யாராவது சொன்னால், அன்றைக்கு அவர்களுக்கு டீ கிடையாது.

இவருடைய பாட்டுகளில் பேஸ் ஏன் எப்போதும் அதிகமாக இருக்கிறது என்பது தனிக்கதை. அதற்கு இரண்டு குற்றவாளிகள். ஒருவர், பக்கத்து அறையில் தூங்கும் அப்பா. அவர் எழுந்துவிடக்கூடாது என்று ராத்திரியில் சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் மிக்ஸ் செய்ய வேண்டும். சத்தம் குறையும்போது மனிதக் காது முதலில் கைவிடுவது கீழ்ஸ்தாயியைத்தான். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இதை அளந்து 1933இலேயே வரைபடம் போட்டுவிட்டார்கள். இன்னொரு குற்றவாளி அந்தப் பத்தடிச் சுவர். எதிரெதிராகப் பத்தடியில் இரண்டு சுவர் இருந்தால் சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலியலை சுவருக்குச் சுவர் மோதி நிலையாக நின்றுவிடும். சுவரோரம் நின்றால் ‘கும்’மென்று கேட்கும், அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது. நம்மவர் நாற்காலி இருப்பது நட்டநடுவில். பேஸ் போதவில்லை என்று ஏற்றுவார், இன்னும் ஏற்றுவார். மறுநாள் காலை நண்பரின் காரில் போட்டுக் கேட்டால் கதவு தனியாகத் தாளம் போடும். ‘உங்க கார்ல ஏதோ லூஸா இருக்கு ப்ரோ’ என்பார்.

கருத்து சொல்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாட்டு மூன்று நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி. அனுப்பிய நாற்பதாவது விநாடியில் ‘செம ப்ரோ, வேற லெவல்’ என்று பதில் வந்துவிடும், மூன்று தீப்பொம்மைகளோடு. கிட்டார் வாசிக்கும் நண்பர் கவனமாகக் கேட்டுவிட்டு, கிட்டாரைக் கொஞ்சம் ஏற்றலாம் என்பார். டிரம்ஸ்காரருக்கு ஸ்னேர் அடங்கிக் கிடக்கும். புல்லாங்குழல்காரர் பாட்டில் புல்லாங்குழலே இல்லையே என்று வருத்தப்படுவார். பெரியப்பா மட்டும் பாட்டைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார். பிரசாத் ஸ்டூடியோவில் அத்தனை வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ராஜாவுக்கு வாசித்த காலத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசிவிட்டு, ‘நீயும் பண்ணு, பண்ணு’ என்று முடிப்பார்.

இவர்களை விடவும் ஆபத்தானவர் ஒருவர் உண்டு. ‘சினிமாப் பாட்டு பக்கத்துல போட்டா உங்களது சப்புனு இருக்கே’ என்பவர். சப்பென்று இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வேறொன்றுமில்லை, சத்தம்தான். ஒரே பாட்டையே ஒரு டெசிபல் கூட்டி வைத்தால்கூட கூட்டியதுதான் நன்றாக இருப்பதாகக் காது சாதிக்கும். இதை அறிந்தும் நம்மவர் ரோஷப்பட்டு லிமிட்டரில் போட்டுப் பாட்டைப் பிழிவார், கரும்பு மெஷினில் மூன்றாவது முறை நுழையும் சக்கை மாதிரி. பெரிய மனிதர்களே சறுக்கிய இடம் இது. மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் ‘டெத் மேக்னடிக்’ அப்படித்தான் பிழியப்பட்டு வந்தது. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ கேமில் அதைவிடத் தெளிவாகக் கேட்கிறதே என்று ரசிகர்களே மனுப் போட்டார்கள். இன்றைக்கு அந்தப் போட்டிக்கே அர்த்தமில்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் வழக்கமாக மைனஸ் 14 லஃப்ஸ் என்ற அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. இவர் மைனஸ் 7 வரை ஏற்றிக் கொடுத்தால், அது ஏழைக் குறைத்துவிட்டுச் சக்கையை மட்டும் போடும்.

இத்தனை பேரிலும் விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான். அவரிடம் மட்டும் நம்மவர் கருத்தே கேட்பதில்லை. அவர் அம்மா.

காய் நறுக்கிக்கொண்டே காதில் விழுந்ததை வைத்துச் சொல்வார்: ‘என்னடா, குடத்துக்குள்ள தலையை விட்டுப் பாடுற மாதிரி இருக்கு.’ மகனுக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனால் இதையே மூன்று நாள் கழித்துப் பெங்களூரு நண்பர் ‘வோக்கல் கொஞ்சம் பாக்ஸியா இருக்கு, 400 ஹெர்ட்ஸ் பக்கம் கட் பண்ணுங்க’ என்றால், ‘என்ன காது ப்ரோ உங்களுக்கு!’ என்று சிலிர்த்துப்போவார். அம்மா சொன்ன குடமும் அந்த 400 ஹெர்ட்ஸும் ஒன்றேதான். ‘சளி பிடிச்ச குரலா இருக்கு’ என்றால் ஆயிரம் ஹெர்ட்ஸைச் சுற்றித் தடித்திருக்கிறது. ‘ஸ, ஷ எல்லாம் காதைக் குத்துது’ என்றால் ஐந்தாயிரத்துக்கு மேலே டீ-எஸ்ஸர் போட வேண்டும். ‘கணீர்னு இல்ல’ என்றால் குரலின் மூவாயிரத்தை வேறு ஏதோ வாத்தியம் வந்து மூடியிருக்கிறது. கரகர, ஙொய், தொம்தொம் என்று ஓசைக்கே தனி அகராதி வைத்திருக்கும் மொழியில் பிறந்துவிட்டு, ‘மிட்ல கொஞ்சம் ஹார்ஷ்னெஸ்’ என்று சொன்னால்தான் விமர்சனம் என்று இவர் ஏன் நினைக்கிறார் என்று தெரியவில்லை.

ஒன்பதாவது ஃபைனலைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னது இன்னும் மோசம். ‘ஒரு வார்த்தைகூடப் புரியலடா. முன்னாடி ஒண்ணு அனுப்புனியே, அதுல புரிஞ்சுது.’

‘அது நாலாவதும்மா! அதுல பேடே இல்ல, ஸ்ட்ரிங்ஸே இல்ல. நீ போன் ஸ்பீக்கர்ல கேட்டா எப்படிப் புரியும்?’

மட்டமான ஸ்பீக்கரை அப்படி இளக்காரமாகச் சொல்லிவிட முடியாது. யமஹா 1978இல் வீட்டு உபயோகத்துக்கென்று கொண்டுவந்த என்எஸ்-10 என்ற வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர் வீடுகளில் பெரிதாக எடுபடவில்லை. ஸ்டூடியோக்காரர்கள்தான் அதைத் தூக்கி கன்சோல் மேல் வைத்துக்கொண்டார்கள். குறையை மறைக்காமல் காட்டிக்கொடுக்கும், இதில் தேறினால் எதிலும் தேறும் என்பது அவர்கள் கணக்கு. 2001இல் உற்பத்தியை நிறுத்திய பிறகும் பழையதைத் தேடி வாங்குகிறார்கள். நம்மவரும் ஒரு ஜோடிக்கு ஆறு மாதமாக அலைகிறார். அதே வேலையைச் செய்யும் சாதனம் அடுப்பு மேடையில், மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்ந்து நிற்கிறது.

கருத்து கேட்கும்போது மார்கழிப் பனியில் நனைந்த பூனைபோல இருப்பவர், கருத்து சொல்லும் முறை வந்தால் ஆளே மாறிவிடுவார். வேறொரு பையன் தயங்கித் தயங்கி ஒரு பாட்டை அனுப்புவான். முதல் வரியில் ‘நல்ல முயற்சி’. பிறகு, கிக்கில் பஞ்ச் இல்லை, ஸ்டீரியோ அகலம் போதவில்லை, ரிவெர்ப் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது, எந்தப் ப்ரீஆம்ப், ஓ அதுவா, அப்ப கஷ்டம்தான். ஒன்றரைப் பக்கம். பாட்டின் மெட்டு எப்படி என்று ஒரு சொல் இருக்காது. பையன் ‘நன்றி அண்ணா’ என்று எழுதுவான். அடுத்த நிமிஷமே இவர் தன்னுடைய ஃபைனல் 14ஐ அவனுக்கு அனுப்பி, ‘சும்மா கேட்டுப் பாரு’ என்பார்.

மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ பாட்டை 91 முறை மிக்ஸ் செய்ததாக இன்ஜினியர் புரூஸ் ஸ்வீடியன் சொல்லியிருக்கிறார். கடைசியில் குவின்சி ஜோன்ஸ் இரண்டாவது மிக்ஸைப் போடச் சொல்லிக் கேட்டார். 1982இல் ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் வந்தது அந்த இரண்டாவதுதான். இந்தக் கதையை நம்மவர் எல்லோருக்கும் சொல்வார். தொண்ணூற்றொன்று வரை போக வேண்டும் என்பதற்கு ஆதாரமாக.

இருபத்தேழாவது ஃபைனலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கே சலித்துப்போனது. நாலாவதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தேடினால் லேப்டாப்பில் இல்லை. இடம் போதவில்லை என்று என்றைக்கோ அழித்திருந்தார். மிச்சமிருந்த ஒரே பிரதி, எதையும் அழிக்கத் தெரியாத அம்மாவின் போனில். ‘அதை எனக்கு அனுப்பும்மா’ என்றார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தடவித் தடவி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பிவிட்டார்.

முப்பத்தெட்டு பேர். ஹெட்போன் போடச் சொல்லவில்லை, ரஃப் மிக்ஸ் என்று சொல்லவில்லை. சித்தப்பா பூங்கொத்து போட்டார். திருச்சி அத்தை முழுசாகக் கேட்டுவிட்டு எழுதினார்: ‘ஒவ்வொரு வார்த்தையும் கணீர்னு இருக்கு. ரெண்டாவது சரணத்துல ஒரு விசில் மாதிரி வருதே, அது என்ன வாத்தியம்?’